உதாயி இழுத்த விரிப்பு

தேரவாத பௌத்தத்தின் விநய பிடகத்தில் பிக்குகளுக்கான பாசித்திய விதிகள் 92. அவற்றில் 87, 88, 89 ஆகிய மூன்றும் அடுத்தடுத்து நின்று கட்டிலையும் இருக்கையையும் விரிப்பையும் பற்றிப் பேசுகின்றன. கட்டில் கால், புத்தரின் விரல் கணக்கில், எட்டு விரற்கடைக்கு மேல் உயரக் கூடாது. உயர்ந்திருந்தால் அறுத்துவிட வேண்டும். கட்டிலிலோ இருக்கையிலோ பஞ்சு அடைக்கக் கூடாது. அடைத்திருந்தால் பிடுங்கிவிட வேண்டும். உட்காரும் விரிப்பு இன்ன நீளம், இன்ன அகலம். உயரம், அடைப்பு, அகலம். மோட்டார் சைக்கிளுக்கு வேறு சீட் போடப் போகிறவர் கடைக்காரரிடம் பேச வேண்டியதும் இந்த மூன்றைத்தான்.

வண்டியின் சீட்டை மாற்றலாமா வேண்டாமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்த காலத்தில் தற்செயலாகக் கையில் இருந்த புத்தகம் விநயம். வரலாறு நடத்துகிறவர்களுக்கு இப்படியெல்லாம் நேரும்.

மேலூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேலை. உயரம் 155 சென்டிமீட்டர். ஓட்டுவது 350 சிசி வண்டி. பெயர் வேண்டாம், எந்தக் கம்பெனியோடும் எனக்கு வழக்கு இல்லை. அதன் சீட் தரையிலிருந்து 800 மில்லிமீட்டரைத் தாண்டிய உயரத்தில் இருக்கிறது. சிக்னலில் நின்றால் என் குதிகால் தரையைத் தொடாது. முன்பாதத்தை மட்டும் ஊன்றிக்கொண்டு 190 கிலோ இரும்பைச் சமாளிக்க வேண்டும். பின்னால் அம்மா. எழுபதைத் தாண்டியவர். சேலை கட்டிக்கொண்டு, இரண்டு காலையும் இடப்பக்கம் போட்டு, ஒருக்களித்து உட்காருவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மலை பார்க்கக் கிளம்பிவிடுவோம். மதுரையைச் சுற்றி அதற்குப் பஞ்சமில்லை. மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, திருவாதவூர், கொங்கர்புளியங்குளம், கீழக்குயில்குடி என்று எந்தத் திசையில் போனாலும் ஒரு பாறை, பாறைக்கு அடியில் ஒரு குகைத்தளம், தளத்தில் சமண முனிவர்களுக்காக வெட்டிய கற்படுக்கைகள். அம்மாவைப் பொறுத்தவரை அவை பஞ்சபாண்டவர் படுக்கைகள். ஊர்க்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் 17 படுக்கைகளைக் காட்டி, "அஞ்சு பேருக்கு எதுக்கும்மா பதினேழு?" என்று கேட்டேன். "விருந்தாளி வரமாட்டாங்களா?" என்றார். இதற்குக் கல்வெட்டுச் சான்று காட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

சீட் யோசனையை ஆசிரியர் அறையில் சொன்னபோது தமிழாசிரியர் கேட்டார்: "உடம்பு கேக்குறதையெல்லாம் குடுத்துக்கிட்டே இருந்தா, அது எங்க டீச்சர் போய் நிக்கும்?" நையாண்டி செய்கிற மனிதர் அல்லர். வருடா வருடம் மாலை போட்டு 41 நாள் தரையில் படுக்கிறவர். வெயிலில் பள்ளி மைதானத்தை வெறுங்காலோடு கடக்கிறவர். அவர் கேட்டது நேர்மையான கேள்வி. வலியைப் பொறுத்துக்கொள்வது தவம் என்றால், வலி வராமல் இருக்க இத்தனை மெனக்கெடுவதை என்னவென்று சொல்வது?

உடனே தோன்றிய பதில் ஒன்று உண்டு. வலிக்கிற சீட்டில் ஐம்பது கிலோமீட்டர் போனவர் கடவுளையும் நினைப்பதில்லை, சாலையையும் நினைப்பதில்லை, இடுப்பைத்தான் நினைக்கிறார். ஆக, உடம்பை மறப்பதற்கே உடம்புக்கு ஏதோ செய்துதான் ஆக வேண்டும். பதஞ்சலிக்கும் இது தெரிந்திருக்கிறது. யோக சூத்திரங்கள் மொத்தம் 195. ஆசனத்துக்கென்று அவர் ஒதுக்கியது மூன்றே மூன்று. அதில் அவர் கேட்பது உறுதியும் சுகமும், பிறகு முயற்சியைத் தளர்த்துவது. இன்றைய யோகா வகுப்புச் சுவரொட்டிகளில் இருக்கும் முறுக்கல்கள் எதுவும் அங்கே இல்லை. வியாசர் என்ற பெயரில் வழங்கும் உரை அதற்கு ஆசனங்களை வரிசைப்படுத்தும்போது, பத்மாசனம், வீராசனம் இவற்றோடு முட்டுக் கொடுத்து உட்காரும் ஓர் ஆசனத்தையும் சேர்த்துக்கொள்கிறது. தியானம் செய்யப் போகிறவருக்குச் சாய்மானம் தரலாம் என்று ஒப்புக்கொண்ட உரைகாரரை எனக்குப் பிடிக்கும்.

ஆனாலும் இந்தப் பதில் முழுதாகத் தேறவில்லை. சுகம் எது என்று தெரிந்தால்தானே அதைக் கேட்டு வாங்க முடியும்? அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

மதுரையில் சீட் தைக்கிற ஒருவரிடம் போனேன். எல்லோருக்கும் அவர் பாய். கடை என்றால் ஒரு ஷட்டர் அளவு இடம். பாதிக்கு மேல் கழற்றிய சீட்டுகள், மீதியில் ரெக்சின் உருளைகளும் தையல் மிஷினும். வருகிறவர்கள் முதலில் செய்வது அடுக்கி வைத்திருக்கும் ஃபோமைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது. நானும் அமுக்கினேன்.

"விரல வச்சு என்ன டீச்சர் பாக்குறீங்க? விரலா உக்காரப்போகுது?"

அவர் சொன்னதில் நிறைய விஷயம் இருக்கிறது. நாம் உட்காரும்போது எடையைத் தாங்குவது இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முண்டுகள். மெத்தென்ற ஃபோமில் உட்கார்ந்தவுடன் அந்த முண்டுகள் சுகமாக அமிழ்கின்றன. கடையில் உட்கார்ந்து பார்க்கும் ஐந்து நிமிடத்துக்கு அதைவிட இன்பம் இல்லை. ஒரு மணி நேரம் போனால் ஃபோம் நசுங்கி, எலும்பு அடித்தகட்டைத் தேடிப் போய்விடும். கூடவே தொடையின் அடிப்பகுதியும் வால் எலும்பும், தாங்கிப் பழகாத எடையைத் தாங்க ஆரம்பிக்கும். கொஞ்சம் கெட்டியாக, எலும்புக்கு நேர்கீழே அகலமாக இருக்கும் சீட் முதல் ஐந்து நிமிடம் முரடாகத் தெரியும். மூன்றாவது மணி நேரத்தில்தான் அதன் அருமை புரியும். கட்டைவிரல் மூன்று மணி நேரம் அமுக்கிக்கொண்டு நிற்பதில்லை.

கடைகளில் "டென்சிட்டி" என்று ஒரு எண் சொல்வார்கள். 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை 40 கிலோ, அவ்வளவுதான். எண் கூடினால் பொதுவாகப் பொருள் நீண்ட நாள் உழைக்கும், சீக்கிரம் குழி விழாது. கெட்டியா மிருதுவா என்பது தனிக் கணக்கு. ஒரே டென்சிட்டியில் இரண்டும் கிடைக்கும். இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பெரிய எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஏராளம். மெமரி ஃபோமின் கதை இன்னும் சுவாரசியம். 1966இல் நாசாவுக்காக சார்லஸ் யோஸ்ட் என்பவர் உருவாக்கிய பொருள் அது. சூட்டில் இளகும், குளிரில் இறுகும். மதுரை வெயிலில் நிறுத்திய வண்டியில் அது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜெல்லும் அப்படியே, வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு உட்காருகிறவருக்குத் திருப்பிக் கொடுக்கும். காற்று அடைத்த மெத்தைகள் உண்மையிலேயே நல்லவை, ஆனால் சீட்டுக்கு மேல் வைக்க வேண்டும். எனக்கோ ஏற்கெனவே குதிகால் எட்டவில்லை.

இதுதான் குள்ளமானவர்களின் தர்மசங்கடம். சுகம் வேண்டுமென்றால் ஃபோம் கூட வேண்டும். தரை எட்ட வேண்டுமென்றால் ஃபோம் குறைய வேண்டும். நீள்பயணத்துக்கென்று விற்கிற ரெடிமேட் சீட்டுகள் பெரும்பாலும் இரண்டாவது விஷயத்தைக் கவனிப்பதில்லை. ஆறடி ஆளுக்குச் செய்தது என்று பார்த்தவுடனே தெரியும். பெண்களுக்கு அந்த இரண்டு எலும்பு முண்டுகளுக்கு இடையே தூரம் பொதுவாக அதிகம் என்பதையும் அளவெடுத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

பாய் அளவு நாடாவை எடுக்கவே இல்லை. என்னை வண்டியில் ஏறச் சொன்னார். தெருமுனை வரை போய்த் திரும்பி வரச் சொன்னார், மறுபடியும் போகச் சொன்னார். பக்கவாட்டில் நின்று பார்த்தார், பின்னால் போய் நின்று பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒவ்வொரு தடவ பிரேக் புடிக்கும்போதும் டேங்க் பக்கம் சறுக்குறீங்க. அப்புறம் கைய ஊனி உங்களையே பின்னாடி தள்ளிக்கிறீங்க. வலி அதுல வருது டீச்சர். பஞ்சுல இல்ல."

நான் அப்படிச் செய்கிறேன் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. மணிக்கட்டு வலியைக் கரும்பலகை மேல் போட்டிருந்தேன். சீட் முன்பக்கமாகச் சரிந்திருக்கிறது. இன்னொன்று, இடது காலை எப்போது வேண்டுமானாலும் தரையில் ஊன்றத் தயாராக, இடுப்பை இடப்பக்கம் தொங்கவிட்டபடியே ஓட்டியிருக்கிறேன். "நீங்க வண்டியில உக்காரல. எறங்குறதுக்கு ரெடியா இருக்கீங்க" என்றார்.

பரிகாரம் எளிது. சீட்டின் மொத்த உயரத்தைச் செதுக்க வேண்டாம். முன்மூக்கின் இரண்டு பக்கத்தையும் ஒடுக்கினால் தொடைகள் அகலாமல் கால் நேராகத் தரைக்கு இறங்கும். உயரத்தைத் தொடாமலே குதிகால் எட்டும். எலும்பு பதியும் இடத்தை அகலமாக்கி, முன்சரிவை மட்டப்படுத்தி, அங்கே கெட்டி ஃபோம். சீட்டைத் தொடும் முன் பின்பக்க ஷாக் அப்சார்பரைப் பார்த்து, என் எடைக்கு அதிகமாக இறுக்கியிருந்த ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து விநயத்தைத் திறந்தபோது 89ஆம் விதியின் பின்கதை வேறு மாதிரித் தெரிந்தது. பிக்குகள் உட்காரும் விரிப்புக்கு முதலில் வகுத்த அளவு இரண்டு சாண் நீளம், ஒன்றரைச் சாண் அகலம், சாணும் புத்தருடையதுதான். உதாயி என்று ஒரு பிக்கு, பெருத்த உடம்பு. அவர் புத்தரின் முன்னால் விரிப்பைப் போட்டு உட்கார்ந்து, நாலா பக்கமும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறார். ஏன் இழுக்கிறாய் என்று கேட்கிறார் புத்தர். அனுமதித்த விரிப்பு ரொம்பச் சின்னது என்கிறார் உதாயி. விதி திருத்தப்படுகிறது: விளிம்பில் ஒரு சாண் கூட்டிக்கொள்ளலாம்.

இந்தக் கதையை வாசிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். உதாயி விநயத்தில் பல இடங்களில் அசட்டுத்தனமாக எதையாவது செய்து ஒரு விதிக்குக் காரணமாகிற பெயர் வேறு. எனக்கு இதில் மூன்று விஷயங்கள் முக்கியமாகப் படுகின்றன. உடம்பைக் குறை என்று உதாயியிடம் யாரும் சொல்லவில்லை. துறவிக்கு எதற்கு வசதி என்றும் சொல்லவில்லை. அந்த விளிம்பு உதாயிக்கு மட்டும் தனிச் சலுகையாகவும் இல்லை, எல்லோருக்கும் பொது விதியாக ஆனது. ஒருவரின் அகலத்தைக் கண்டு சங்கத்தின் அளவே மாறுகிறது.

இத்தனைக்கும் இதே வரிசையில் முந்தைய விதியில் பஞ்சைப் பிடுங்கச் சொன்னவர்கள் இவர்கள். ஆறு பேர் கொண்ட குறும்புக்காரக் கூட்டம் ஒன்று பஞ்சு அடைத்த கட்டிலில் படுக்க, இல்லறத்தார் போலச் சுகம் அனுபவிக்கிறார்களே என்று ஊர் ஏசியதால் வந்த விதி அது. 87ஆவதோ, உபநந்தர் என்ற பிக்கு உயரமான கட்டிலில் படுத்திருந்ததைப் புத்தரே சுற்றி வரும்போது பார்த்ததால் வந்தது. ஆக, கட்டிலை அறுக்கிற கைதான் விரிப்பை அகலமாக்குகிறது. இதில் முரண் எதுவும் எனக்குத் தெரியவில்லை. உபநந்தருக்குக் கட்டில் உயரமாக இருந்ததில் அவர் உடம்புக்கு ஓர் ஆதாயமும் இல்லை, கௌரவத்துக்கு இருந்திருக்கலாம். உதாயிக்கு விரிப்பு போதவில்லை, அவ்வளவே. சொல்லப்போனால் பிடுங்கிய பஞ்சுக்கும் வழி சொல்லியிருக்கிறார்கள்: சிக்கெடுத்துத் தலையணை செய்துகொள்ளலாம், ஆனால் தலையளவுக்கு மட்டும். மெத்தைக்கு உள்ளே கம்பளி, துணி, மரப்பட்டை, புல், இலை என்று ஐந்து பொருள்களை அனுமதித்து ஒரு பட்டியலே இருக்கிறது. நிப்பானம் என்ற விடுதலையைத் தேடிப் புறப்பட்டவர்கள் அடைப்புப் பொருளைப் பற்றி இவ்வளவு பேசியிருக்கிறார்கள். பாய் கடையில் அரை நாள் உட்கார்ந்ததற்கு நான் கூச்சப்பட வேண்டியதில்லை என்று அன்றைக்குத் தெம்பு வந்தது.

இன்னொன்றும் தோன்றியது. உதாயி விரிப்பை இழுத்ததை எதிரே இருந்தவர் பார்த்தார். நான் சறுக்கியதைப் பாய் பார்த்தார். உட்கார்ந்திருக்கிறவருக்குத் தன் இருக்கை கண்ணில் படுவதே இல்லை. அது உடம்பின் மறைவிலேயே இருக்கிறது. அதனால்தான் சுகத்தை நாமே தேர்ந்தெடுக்கும்போது கட்டைவிரல் வேலையாக முடிகிறது. நமக்குப் பொருந்துவது எது என்று சொல்ல, கொஞ்ச நேரம் நம்மைப் பொறுமையாகப் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

மலைகளில் அந்த ஆட்களின் பெயர்கள் இருக்கின்றன. கற்படுக்கைகளை முதன்முறை பார்க்கிறவர்கள் அவற்றின் வழுவழுப்பைத் தடவிப் பார்ப்பார்கள். எனக்கு எப்போதும் கண் போவது தலைமாட்டுக்கு. ஏழடிப்பட்டத்துப் படுக்கைகளில் தலை வைக்கும் இடம் கொஞ்சம் மேடாக விடப்பட்டிருக்கிறது. தலையணை. கல்லில்தான், ஆனாலும் தலையணை. ஆடை உட்பட அனைத்தையும் துறக்கத் துணிந்த ஒரு மரபில், முனிவரின் கழுத்து எங்கே வலிக்கும் என்று யாரோ யோசித்து, அந்த இரண்டு விரல் மேட்டை விட்டுவிட்டு மற்ற இடத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். மேட்டை விடாமல் ஒரே மட்டமாகச் செதுக்குவது சுலபமாக இருந்திருக்கும். குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி ஒரு காடி வெட்டியிருப்பதையும் பல இடங்களில் பார்க்கலாம். முனிவர்கள் ஓரிடத்தில் தங்குவது மழைக்காலத்தின் நான்கு மாதங்கள்தான் என்பதால்.

மாங்குளத்தில் கணி நந்தாசிரியன் என்ற முனிவருக்காக, நெடுஞ்செழியனின் அதிகாரியான கடலன் வழுதி இருப்பிடம் செய்வித்தான் என்று கல்வெட்டு இருக்கிறது. ஐராவதம் மகாதேவன் அதை கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வைக்கிறார். அதே மலையில் வெள்ளறை வணிகக் குழுவின் கொடையும் பதிவாகியிருக்கிறது. திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது: எருக்காட்டூரைச் சேர்ந்த, ஈழத்துக் குடும்பிகனான போலாலையன் செய்வித்தான் என்பதோடு, வெட்டியவனாக ஆய்சயன் நெடுசாதன் என்ற பெயரையும் தருவதாக அதை வாசிக்கிறார்கள். படுத்தவரின் பெயர் அங்கே இல்லை. காசு கொடுத்தவனும் உளி பிடித்தவனும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பாடத்தில் நெடுஞ்செழியன் வருவான், நெடுசாதன் வரமாட்டான். வகுப்பில் நானாகச் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

இதையெல்லாம் தமிழாசிரியரிடம் சொன்னேன், கொஞ்சம் வெற்றிக் களிப்போடு. முனிவருக்கே தலையணை இருந்தது பார்த்தீர்களா என்று. அவர் மறுத்தார். மறுத்த விதம் நான் எதிர்பார்க்காதது.

"தலகாணிய முனிவர் கேட்டாரா டீச்சர்? குடுத்தாங்க. கேக்குறது வேற, குடுக்குறது வேற."

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. சமண நூல்களும் அவர் பக்கம்தான் சாய்கின்றன. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் துறவி பொறுத்துக்கொள்ள வேண்டிய இன்னல்கள் 22 என்று வரிசைப்படுத்துகிறது. பசி, தாகம், குளிர், வெப்பம், கொசுக்கடி என்று போகும் அந்த வரிசையில் நடை ஒன்று, உட்காரும் இருப்பு ஒன்று, படுக்கை ஒன்று. உட்கார்ந்திருப்பதையே ஒரு இன்னல் என்று இரண்டாயிரம் வருடத்துக்கு நெருக்கமான ஒரு நூல் கண்டு சொல்லியிருப்பதை நீள்பயணம் போகிற யாரும் ஒப்புக்கொள்வார்கள். அந்த நூல் சொல்லும் வழி, அசையாமல் பொறுப்பது. தனக்கென்றே சமைத்த சோற்றைக்கூடச் சமணத் துறவி ஏற்கக் கூடாது. அப்படியிருக்க, தனக்கென்றே வெட்டிய படுக்கையில் கணி நந்தாசிரியன் என்ன மனதோடு படுத்தார்? கல் அதைச் சொல்லவில்லை.

நாலைந்து நாள் இது மனதில் ஓடியது. பொறுப்பது முனிவரின் வேலை. பொறுக்கட்டும் என்று விடாமல் தலைமாட்டை மேடாக்குவது இல்லறத்தாரின் வேலை. இரண்டு வேலையும் ஒரே மலையில், ஒரே கல்லில் நடந்திருக்கிறது. ஆனால் முனிவர் தன் வலியைத் தானே தேர்ந்துகொண்டவர். வலியைத் தேர்ந்துகொள்ளாமலே பொறுக்கிறவர்கள் இந்தக் கணக்கில் எங்கே வருகிறார்கள்? இப்படி யோசித்துக்கொண்டே வண்டியை எடுத்தபோது, அப்படி ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

பாயிடம் சொன்ன திட்டத்தில் நான் விரும்பியது இரண்டு அடுக்கு சீட். ஓட்டுகிறவருக்குக் குழிவாக, முதுகு முடியும் இடத்தில் ஒரு படி ஏறி, பின்னால் இருப்பவருக்குத் தனியாக ஒரு குழிவு. படங்களில் பார்க்க அழகு. இடுப்புக்கு அந்தப் படி நல்ல முட்டு. இந்த வடிவமெல்லாம் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிறவரை வைத்துச் செய்தது. சேலையோடு ஒருக்களித்து உட்காருகிறவருக்குக் குழியின் விளிம்பு தொடைக்கு அடியில் வந்து அறுக்கும். ஒருக்களித்து உட்காருவதே முறுக்கல். இடுப்பு ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம், எடை முழுக்க ஏறத்தாழ ஒரே முண்டின் மேல், வலது கை முன்னால் இருப்பவரின் தோளில். இந்த நாட்டில் எத்தனையோ பெண்கள் ஆயுள் முழுக்க இப்படியே போய் வந்திருக்கிறார்கள். சட்டத்துக்கு அவர்களைத் தெரியும்: 1989ஆம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் கால் வைக்க இடமும், துணி சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பும் கேட்கிறது. சீட் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதை வாங்குகிறவர் முடிவு செய்கிறார். வாங்குகிறவர் எப்போதும் முன்னால் உட்காருகிறவர்.

அம்மாவைக் கடைக்குக் கூட்டிப் போனேன். "எனக்கென்னடி, உக்கார எடம் இருந்தாப் போதும்" என்றார். பாய் விடவில்லை. என்னைத் தெருவில் விட்டுப் பார்த்தது போலவே எங்கள் இருவரையும் அனுப்பிப் பார்த்தார். திரும்பி வந்ததும் அம்மாவிடம் கேட்டார்:

"எந்தப் பக்கம்மா வலிக்கும்?"

"வலிக்காம எப்படிப்பா இருக்கும்?"

கேள்வி பக்கத்தைப் பற்றியது. அம்மாவின் பதிலோ, வலி என்பது வண்டியோடு சேர்ந்தே வாங்கிய சாமான் என்பதைப் பற்றியது. 22 இன்னல்களையும் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள்கூட இவ்வளவு நிதானமாகச் சொல்வார்களா என்று தெரியவில்லை. ஆனால் இதைத் தவம் என்று சொல்ல எனக்கு நா எழாது. வேறு வழி உண்டு என்று தெரிந்து, அதை வேண்டாம் என்று வைத்தவர் செய்வது தவம். அம்மாவிடம் எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கேட்டவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை, நான் உட்பட.

இரண்டு அடுக்கு வேண்டாம் என்று ஆயிற்று. ஒரே நீளமான, பின்பாதி தட்டையான சீட். பழைய வண்டிகளில் இருந்தது போல. பின்பாதியில் இடப்பக்க விளிம்பை உருட்டி, அங்கே மட்டும் ஒரு அங்குலம் அகலம் கூட்டினார் பாய். அம்மா இருக்கும் பாதிக்கு ஓரம் வரை கெட்டி ஃபோம். மேலே மட்டும் ஒரு மெல்லிய மிருதுவான அடுக்கு. ரெக்சினில் வழுக்காத சொரசொரப்பு ரகம். தையலை உட்காரும் இடத்தில் வராமல் ஓரத்துக்குத் தள்ளினார். தையல் ஓட்டை வழியாகத்தான் மழைநீர் இறங்கும், இறங்கினால் ஃபோம் மறுநாள் வரை காயாது. எனக்கு முதுகு முட்டு போயிற்று. அதற்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லை. நீண்ட தூரம் போனால் இப்போதும் இறங்கி நின்று நிமிர்ந்துவிட்டுத்தான் தொடர வேண்டியிருக்கிறது. எந்த சீட்டிலும் அப்படித்தான் என்று பாய் முதலிலேயே சொல்லியிருந்தார்.

வேறு சீட் போடுகிறவர்களுக்கு, தத்துவம் போகட்டும், இரண்டு விஷயம். அடித்தகடு சட்டத்தின் ரப்பர் புஷ்களில் எல்லாம் சரியாகப் பதிகிறதா, பூட்டு அழுத்தாமலே விழுகிறதா என்று பாருங்கள். ஒரு புஷ் எட்டாவிட்டாலும் தகடு வளைந்து, எத்தனை நல்ல ஃபோமும் வீண். சீட்டுக்கு அடியில் போகும் ஒயர்கள் நசுங்குகின்றனவா என்பது இன்னொன்று.

தமிழாசிரியரிடம் முடிவைச் சொன்னேன். நீங்கள் சொன்னது சரி, கேட்பது வேறு கொடுப்பது வேறு என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா உங்க அம்மா கேட்டிருக்கணும் டீச்சர்" என்றார். தான் சொன்னதற்கு எதிராகத் தானே போகிறார் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. உதாயி வாய் திறக்காமல் இழுத்துக்கொண்டே இருந்திருந்தால், பார்த்தவருக்கு விரிப்பு போதவில்லை என்பது தெரிந்திருக்குமா, நகைப்பாகத் தெரிந்திருக்குமா?

புது சீட்டோடு திருவாதவூர் வரை போய் வந்தோம். இறங்கியதும் எப்படி இருந்தது என்று கேட்டேன். நல்லாத்தான் இருக்கு என்றார். வீட்டுக்குள் போகப் போனவர் வாசலில் நின்று, "கால் வைக்கிற கம்பி இன்னும் ஒரு சாண் முன்னாடி இருந்தா முட்டி இழுக்காது" என்றார்.

மறுநாளே பாயிடம் போனேன். அது வெல்டிங் கடைக்காரர் வேலை, அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க என்றார்.